தெருமுனையில் பச்சை

எனக்கு மூச்சிரைப்பு. கொஞ்சம் தூசு பட்டால் போதும், நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டுக்குக் கிட்டே, லஸ் பக்கம் சுரங்க ரயிலுக்காகத் தோண்டத் தொடங்கிய பிறகு வாசல்படி தாண்டுவதே பயமாகிவிட்டது. மாலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, எனக்கிருந்த ஒரே ஆசை அதுதான். அதுவும் போச்சே என்று அழுதேன்.

வெளியூரில் இருக்கும் எங்கள் பெண் ஒரு கருவி வாங்கி அனுப்பினாள். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நடந்தால், அந்தந்த இடத்துக் காற்றில் எவ்வளவு தூசு என்று கைபேசித் திரையில் நிறம் காட்டும். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் ஆகாது.

என் கணவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "நீ உள்ளேயே இரு. நான் முன்னால போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். தெருமுனைவரை போய், திரையைப் பார்த்து, அங்கிருந்து போன் பண்ணுவார். "பச்சைடி, வா." நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். அடுத்த திருப்பத்துக்கு அவர் மறுபடி முன்னால் போவார்.

எனக்குச் சிரிப்பு தாங்காது. அந்தக் காலத்தில் என் மாமியார், நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் யாரையாவது வாசலுக்கு அனுப்பிச் சகுனம் பார்க்கச் சொல்வார். பைத்தியக்காரத்தனம் என்று இவர் கத்துவார். "ஏன்னா, இப்ப நீங்க பண்றது மட்டும் என்னவாம்?" என்று கேட்டேன். "இது சயின்ஸுடி, அசடே" என்றார்.

அந்த சயின்ஸ் பட்ட பாட்டைக் கேளுங்கள். திடீரென்று எங்கே போனாலும் சிவப்பு. மழை பெய்து ஓய்ந்த தெருவிலும் சிவப்பு. ஊரே நாசமாப் போச்சு என்று ஜன்னலையெல்லாம் சாத்தி என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டார். கடைசியில் சட்டையைத் துவைக்கப் போடும்போது பார்க்கிறேன், கோயிலில் கொடுத்த விபூதியைக் காகிதத்தில் மடித்து, கருவி வைத்திருந்த அதே சட்டைப்பையில் போட்டிருக்கிறார் மனுஷன். பொட்டலம் பிரிந்து கருவியின் துளையெல்லாம் திருநீறு. "பகவானையே தூசுன்னு சொல்லிடுத்தே!" என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு இரைப்பே வந்துவிட்டது. பாவம், இன்ஹேலரைத் தேடிக்கொண்டு வீடெல்லாம் ஓடினார்.

மூச்சு சரியில்லாதவள் நான். போனவர் அவர். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். என்ன நியாயம் இது?

அதற்கப்புறம் நான் வெளியே போகவில்லை. பெண் தினமும் போனில் மன்றாடினாள். போன மாதம் ஒரு மாலை, அவருடைய கைபேசியையும் கருவியையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பட்டுப்புடவை கட்டி எங்கோ புறப்பட்ட எதிர்வீட்டு அம்மாள் என்னைப் பார்த்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டாள். புருஷனை இழந்தவள் எதிரே வந்தால் சகுனம் ஆகாதாம். இந்தக் காலத்திலுமா! திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அவர் இருந்தால் என்ன கத்து கத்தியிருப்பார் என்று தோன்றவே, மேலே நடந்தேன்.

தெருமுனையில் அவர் வழக்கமாக நிற்கும் மரத்தடியில் நின்று திரையைப் பார்த்தேன். பச்சை. சந்தோஷமே வரவில்லை. போன் அடிக்கும் என்று காது காத்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து எங்கள் வாசல் நேரே தெரிகிறது. நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அப்படியானால் நான் செருப்பு மாட்டுவதையும், கதவைப் பூட்டுவதையும், புடவையைச் சரி செய்துகொண்டு படியிறங்குவதையும் அவர் தினமும் இங்கிருந்தே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். நானும் அப்படியே நின்று பார்த்தேன். பூட்டிய கதவுதான் இருந்தது.

"ஏன்னா, பச்சை. வாங்கோ" என்று மெல்லச் சொன்னேன்.