புது டிரான்ஸ்பார்மர்

அந்தக் கிடார் ஆம்பிளிபயரை நானே வீட்டில் செய்தேன். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றிய வால்வுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து நோட்டில் குறித்துக்கொண்டேன். டிரான்ஸ்பார்மர் மட்டும் ஈரோட்டில் வாங்கிய புதியது. புதியதுதானே என்று அதைச் சோதிக்கவில்லை.

செய்து முடித்த மறுநாள் காலை ஆம்பிளிபயரைப் போட்டுவிட்டு மூடியைத் தொட்டபோது புறங்கையில் சுரீரென்றது. அதன் தகரப் பெட்டியில் டெஸ்டரை வைத்தேன், டெஸ்டரின் விளக்கு எரிந்தது. டிரான்ஸ்பார்மருக்குள் கம்பிச்சுற்று இரும்போடு ஒட்டியிருக்க வேண்டும். கிடாரின் கம்பிகளும் அதே தகரத்தோடு இணைந்தவை.

நிமிர்ந்து பார்த்தால், மாதா கோயிலில் கிடார் வாசிக்கும் என் மனைவி, வாசல் கழுவிய ஈர வெறுங்காலோடு கிடாரை எடுக்கக் குனிந்துகொண்டிருந்தாள்.

“அம்மணி, தொடாதே!”

பிளக்கைப் பிடுங்கினேன்.

“ஏனுங்க, இப்படியா கத்துவீங்க? உசுரே போயிருச்சு!” என்றாள். நான் காரணத்தைச் சொன்னதும் விரல் நுனிகளைப் பார்த்தாள்.

“நேத்து வாசிக்கறப்பவே சுருக்குனுதுங்க. புதுக் கம்பி குத்துதுன்னு நெனச்சுப்போட்டேன்.”

“கால்ல என்ன போட்டிருந்தே?”

“ரப்பர் செருப்புங்க. தரை சில்லுனு இருந்துச்சு.”

பிளக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.