கைராசிக்காரர்

முதல் நாலு பீச்சுப் பாலைப் புருஷோத்தமன் செம்பில் விடமாட்டார், தரையிலும் விடமாட்டார். கறுப்பு ரப்பர் மூடியொன்றில் பீச்சி, வெளிச்சத்தில் சாய்த்து, திரிதிரியாக ஏதும் மிதக்கிறதா என்று பார்ப்பார். மிதந்தால் மடிநோய். அந்த மாட்டைக் கடைசியில்தான் கறப்பார், எவ்வளவு பெரிய மனிதர் வீட்டு மாடானாலும் சரி.

ஒரகடத்தில் ஏழு வருஷம் கம்பெனி வேலை பார்த்தவர். "ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா மொத்த லாட்டையும் நிறுத்துவான் சூப்பர்வைசர். மாடு மட்டும் இன்னா, தொக்கா?" என்பார். இப்போது வடக்குப்பட்டில் பத்து வீட்டுக்குக் கறவை. வீட்டுக்கு வீடு சோப்புப் போட்டுக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிதர் கைராசியில் கோட்டை விட்டார். யார் புது மாடு வாங்கினாலும் முதல் கறவை அவர் கையால்தான் என்பது ஊர் வழக்கம். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. திங்கட்கிழமை விடிந்ததும் ரோஸி, சந்தையில் வாங்கிய மாட்டோடு நின்று, "அண்ணே, உங்க கை பட்டா போதும்" என்றாள். புது மாட்டை ஒதுக்கிக் கட்டு, கடைசியில் கற என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் முதலில் அங்கேதான் உட்கார்ந்தார். மடியைப் பார்த்தார், வாயைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அந்த மாடு நூல் நூலாக எச்சில் வடித்தது. நாக்கெல்லாம் கொப்புளம். கோமாரி; தொட்டவர் கையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போகிற நோய். அதே லுங்கி, அதே செருப்போடு மிச்ச ஒன்பது வீடும் ஏறி இறங்கியிருக்கிறார். சோப்பு கையைத்தானே கழுவும்?

கறவையை நிறுத்திவிட்டார். தெருவில் நின்றபடியே வீடு வீடாகக் கேட்கிறார்: "தீனி எடுக்குதா? வாயில நொரை கீதா?" இல்லை என்றால் நம்பாமல் மறுபடியும் கேட்கிறார். அவர் வீட்டிலும் ஒரு நிறைசினை மாடு. கோமாரி வந்தால் தாய் பிழைத்தாலும் பிழைக்கும், கன்று தாங்காது. திங்களும் செவ்வாயும் அதைத் தடவிக்கொடுத்திருந்தார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கன்றின் முன்னங்கால்கள் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டன. "இன்னாய்யா நின்னுகினு கீற, வந்து புடி. என்னால ஆவல" என்று அழுதாள் மனைவி அம்சவல்லி. ஊரில் எத்தனையோ கன்றுகளை இழுத்துப்போட்டவர், வேலிக்கு வெளியே நின்று, "அது முக்கசொல்ல மட்டும் இழு. கீழ்ப்பக்கமா இழு" என்றார். கால் தானாக ஓரடி முன்னே போனது. கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.