சுப்பையனைச் சும்மா விடுவது

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாட்டுக்கே புத்தி சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த காலம். மலாக்கா நகரத்து மருந்தகம் ஒன்றில் நான் டிரஸ்ஸர். கட்டுப் போடுவேன், ஊசி குத்துவேன், கேட்காதவர்களுக்கும் ஆலோசனை சொல்வேன்.

சுப்பையன் அதே ஊரில் காஜா பெராங் பக்கம் ஒரு டோபி கடையில் இஸ்திரி போடுபவர். அவர் தேய்த்துக் கொடுத்தால் போலீஸ்காரர் சட்டை ஆள் இல்லாமலே நிற்கும். பேச்சு குறைவு. காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று சொல்லி, இரண்டு முறை ஜொகூர் தம்போய் மனநல மருத்துவமனைக்குப் போய்த் தேறித் திரும்பியவர். மூன்றாவது முறை போனால் வெளியே வருவது கஷ்டம் என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் அவர் மனைவி பொன்னம்மா அவரை விட்டு நகரவே இல்லை. தூங்கினீங்களா, சத்தம் கேக்குதா, ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க என்று ஓயாத விசாரணை. எல்லாம் அன்புதான்.

அப்போதுதான் டாக்டர் படித்துவிட்டுப் போட்ட இங்கிலாந்து மருத்துவ ஏடு ஒன்று என் கையில் சிக்கியது. இப்படிப்பட்ட நோயாளிகள் தாயிடமோ மனைவியிடமோ திரும்பிப் போவதைவிட வாடகை அறையில் தங்கினால் நன்றாக இருக்கிறார்கள் என்று அதில் ஒரு கட்டுரை. அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். புரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர், “செய்து பார், மருந்தை மட்டும் நிறுத்தாதே” என்றார்.

“கட்டுனவ பாத்துக்கிறதே வியாதியாங்க ஐயா?” என்று பொன்னம்மா அழுதாள்.

“ஆராய்ச்சி சொல்லுதும்மா” என்றேன், ஆராய்ச்சியை நானே செய்து முடித்தவன் போல. சில மாதங்களுக்கு மட்டும் என்று சம்மதித்தாள். ஆனால் தம்போய் போய் வந்தவருக்கு அறை கொடுக்க யாரும் முன்வரவில்லை. வீராப்பில் என் வீட்டுப் பின்னறையையே கொடுத்துவிட்டேன்.

அவரை யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டேன். என் மனைவி கோகிலா அவரை எதுவும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். மாத்திரையை விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அவர் குளிக்கப் போனால் தண்ணீர் ஊற்றும் சத்தம் வருகிறதா என்று வெளியே நின்று காது கொடுத்தேன்.

“பொன்னம்மாவாச்சும் சோறாக்குற நேரத்துல அவர விட்டிருக்கும். உங்களுக்கு அந்த வேலையும் இல்ல” என்றாள் கோகிலா. அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் வந்தது.

சில நாளில் சுப்பையனுக்குத் தூக்கம் போயிற்று. சுவரைப் பார்த்து முணுமுணுக்க ஆரம்பித்தார். மூன்றாவது முறை அவரைத் தம்போய்க்கு அனுப்பப்போவது நான்தான் போலிருந்தது.

ஒரு மாலை அவரே வந்து நின்றார். “ஐயா, மீனாச்சி வீட்டுப் பின்னால ரூம் காலியா இருக்கு. நான் அங்க போறேன்.”

மீனாச்சி பலகாரம் விற்கும் விதவை; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறித் தமிழை மறந்துபோன சிட்டி குடும்பத்தைச் சேர்ந்தவர். மலாய்தான் பேசுவார், அதுவும் அளந்துதான்.

“அங்க உங்கள யாரு பாத்துக்குவா?”

“யாரும் பாத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறேன்.”

டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் தடுத்துவிடலாம். வாய்வரை வந்தது. பயந்துகொண்டேதான் அவர் பெட்டியைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினேன்.

அடுத்த வாரம் வேலியோரம் நின்று எட்டிப் பார்த்ததில் மீனாச்சியிடம் மாட்டிக்கொண்டேன். “சாரி சியாப்பா?” என்றார், யாரைத் தேடுகிறாய் என்று. சுப்பையனுக்கு வேண்டியவன் என்றேன். அவரால் ஒரு தொல்லையும் இல்லை, நீதான் என் வேலியைச் சாய்க்கிறாய் என்று மலாயில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுப்பையனுக்குத் தூக்கம் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பொன்னம்மா மீன் குழம்போடு போய், சேர்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாள். மறு வருடம் அவர் வீட்டுக்கே திரும்பினார். தம்போய்க்கு மறுபடி போகவில்லை.

மாத்திரை வாங்க அவராகவே மருந்தகத்துக்கு வருவார். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஐயா இன்னிக்கு ஒண்ணுமே கேக்கலியே. ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?”

“ஒண்ணுமில்ல சுப்பையா, நல்லாத்தான் இருக்கேன்.”

“சரிங்க” என்றார். நான் சொன்னதை அப்படியே நம்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.