பச்சைச் சேலை

தைப்பூசத்துக்கு நானும் என் மனைவியும் வடமதுரையிலிருந்து பழனிக்கு நடந்துகொண்டிருந்தோம். திண்டுக்கல் தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. "பின்னாலயே வாங்க" என்று அவள் முன்னால் போனாள். அவளுடைய பச்சைச் சேலையைக் கண்ணில் பிடித்துக்கொண்டு நடந்தேன். நடுவில் செத்த நேரம் போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். பச்சைச் சேலை முன்னால்தான் போய்க்கொண்டிருந்தது. வெகுதூரம் போனபிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். திரும்பியது வேறொரு பெண்.

அவளிடம் போன் கிடையாது. பதறிப்போய், அன்னதானப் பந்தலில் மைக் பிடித்திருந்தவரிடம் ஓடினேன்.

"அடையாளம் சொல்லுங்கண்ணே."

"பச்சைச் சேலை..."

"இங்க அம்புட்டுப் பேரும் பச்சைதான். வேற சொல்லுங்க."

பூ வைத்திருந்தாளா? பை என்ன நிறம்? எதுவுமே வரவில்லை. பின்தொடர அந்த நிறம் ஒன்றே போதுமென்று என் கண் மற்றதையெல்லாம் உதறியிருந்தது.

அப்போது அடுத்த பந்தலின் மைக் அலறியது. "இடது புருவத்துல தழும்பு. வலது காலைச் சாய்ச்சு நடப்பாரு. சட்டையில மூணாவது பட்டன் மட்டும் வெள்ளை..."

இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடுங்கண்ணே, உங்களைத்தான் தேடுறாக."

குனிந்து பார்த்தேன். மூன்றாவது பட்டன் வெள்ளை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

இப்போதெல்லாம் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் எனக்குள் ஒரு பதற்றம். கண்ணை மூடினால் இவளுக்கு என்னால் அடையாளம் சொல்ல முடியுமா?