வண்டிமைக் கைநாட்டும் பத்து வாக்கியமும்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகு காரைக்காலில் ஆளாளுக்கு ஏதோ ஒன்று மாறியது. என் விஷயத்தில் மாறியது இதுதான்: அதுவரை பிரெஞ்சு தெரியாதவனாக இருந்தேன், அதன்பிறகு இங்கிலீஷும் தெரியாதவனானேன்.

நான் ஜட்கா வண்டி ஓட்டியவன். ஸ்டேஷனிலிருந்து தலத்தெருவுக்குப் போகிற வழி என் குதிரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் படிப்பு கிடையாது. வீடு கோவில்பத்தில். மகள் நாலாம் வகுப்பு. மகனுக்கு எட்டு மாதம், இடுப்பை விட்டு இறங்காத வயசு.

மகள் படித்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வருஷம் அதை நிறுத்திவிட்டு இங்கிலீஷ் என்றார்கள். ஒரு சாயந்திரம் அவள் புது நோட்டோடு வந்து நின்றாள்.

"அப்பா, தெனம் வீட்ல இங்கிலீஷ்ல பத்து வாக்கியம் சொல்லிப் பழகணுமாம். சொன்னேன்னு நீங்க நோட்டுல கையெழுத்துப் போடணுமாம். பரீட்சையில பெரிய வாத்தியார் முன்னாடி சொந்தமா பத்து சொன்னாத்தான் அஞ்சாம் வகுப்பாம்."

அடுப்படியிலிருந்து என் சம்சாரம் குரல் கொடுத்தாள். "சொல்லலேன்னா நின்னுக்கட்டும். பொட்டப்புள்ளைக்கு நாலு போதும். நான் வயலுக்குப் போனா தம்பிய யாரு தூக்கி வச்சிக்கிறது?"

வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் சொன்னால் செய்கிறவள். பத்து வாக்கியம் வந்தால் பள்ளிக்கூடம், வராவிட்டால் இடுப்பில் தம்பி.

எனக்கோ, என் கையெழுத்தைக் கேட்டு ஒரு பள்ளிக்கூடம் ஆளனுப்பியிருக்கிறதே என்று தலைகால் புரியவில்லை. கையெழுத்து கிடையாது, கட்டைவிரல் உண்டு. அச்சுக்குப் போடுகிற வண்டிமை அதில் எப்போதும் ஒட்டிக்கொண்டேதான் இருக்கும். தனியாக மசி வாங்கவேண்டிய அவசியமும் இல்லை.

தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே ஸ்டேஷனுக்கு வருவாள். சாயந்திர ரயில் வரும்வரை வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து சொல்லுவாள். எண்ணிக்கை தப்பக்கூடாதென்று நான் பத்துப் புல்லை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் குதிரைக்கு ஒரு புல். மடி காலியானதும் நோட்டில் கைநாட்டு. இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் நடந்தது. மற்ற வண்டிக்காரர்களிடம், "கேட்டுக்கங்கடா, நம்ம வீட்டு இங்கிலீஷ" என்று மீசையை வேறு தடவிக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் பாதியில் இருக்கும்போது ஒரு சொல்தா வண்டியில் ஏறினார். பழைய பட்டாளத்துக்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷனில் உட்கார்ந்திருந்தவர். வண்டி கிளம்பியது. மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் தோள் குலுங்கியது. வண்டி குலுங்குகிறது என்று நினைத்தேன்.

"ஏண்டாப்பா, இது என்ன பாடம்?"

"இங்கிலீஷுங்க ஐயா. பரீட்சைக்கு."

"இங்கிலீஷா! அடேய், இது பிரெஞ்சுடா. பூனை பால் குடிச்ச கதை. அது முடிஞ்சதும் ஞாயிறு திங்கள்னு ஏழு கிழமையும் சொன்னா. நீயும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு புல்லா எண்ணிக்கிட்டு வர்றே."

கடிவாளத்தை இழுத்தேன். துரைமார்களைப் பதினைந்து வருஷம் ஏற்றி இறக்கியவன், பிரெஞ்சு எப்படிக் காதுக்குத் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். என்னிடம் அவர்கள் பேசியது நிறுத்து, சீக்கிரம் போ, இந்த இரண்டுதான். இரண்டும் வசவு மாதிரிதான் இருக்கும். பூனை பால் குடித்ததைப் பற்றி எந்தத் துரையும் என்னிடம் மனம்விட்டுப் பேசியதில்லை.

திரும்பிப் பார்த்தேன். மகள் குனிந்துகொண்டாள்.

"சாரு ரெண்டு வாக்கியந்தாம்பா சொல்லிக்குடுத்தாரு. நீங்க பத்துப் புல்ல எடுத்து வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. மிச்சத்துக்கு நான் எங்கப் போறது?"

பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் சண்டை போடுகிற மாதிரி பள்ளிக்கூடத்துக்குப் போனேன். காலி வகுப்பில் நாலாம் வகுப்பு வாத்தியார் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு வாயை அசைத்துக்கொண்டிருந்தார். மகள் குனிந்த மாதிரியே அவரும் குனிந்தார்.

"நானும் படிச்சது பிரெஞ்சுதாம்பா. ராத்திரி படிச்சிட்டுக் காலையில சொல்லிக்குடுக்கிறேன். இன்னும் ரெண்டாம் பாடம் தாண்டல."

"அப்புறம் பத்துன்னு ஏங்க சொன்னீங்க?"

"மேலேருந்து பத்துன்னு காயிதம் வந்துது."

யாரைப் பிடித்து உலுக்குவது? கடைசியில் அவர் ஒரு உபாயம் சொன்னார். 'ஐ சீ எ' என்று ஆரம்பித்து, பின்னால் ஒரு சாமான் பேரை மாட்டிவிட்டால் வாக்கியம் ஆகிவிடுமாம்.

"உன் வண்டி மாதிரிதாம்பா. குதிரைய மாத்திப் பூட்டினாலும் வண்டி ஓடுமில்ல?"

"குதிரைய மாத்துற வசதி இருந்தா நான் ஏங்க இங்க வந்து நிக்கிறேன்?"

சிரிக்கவில்லை, மனுஷன். மாட்டுவதற்குப் பதினைந்து இங்கிலீஷ் பேர்களைக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து சவாரி போகும்போதே பாடம். கண்ணில் பட்டதையெல்லாம் அவள் சொல்லவேண்டும். தலத்தெரு சாலையில் கண்ணில் படுவது என்ன? மரம். ஐ சீ எ ட்ரீ. கொஞ்சம் தள்ளி, ஐ சீ எ ட்ரீ.

"ஏ புள்ள, பத்தும் மரமாப் போச்சே. பெரிய வாத்தியாரு என்ன தோப்புக்குள்ளயா உக்காந்திருக்காரு?"

"மரந்தானே வருது! நான் என்ன பண்ண?"

காரைக்கால்மேட்டிலிருந்து மீன்கூடையோடு வந்த ஒரு அம்மா ஏறினார். மகள் அவரைக் காட்டி ஒன்று, கூடையைக் காட்டி ஒன்று சொன்னாள்.

"ஏ வண்டிக்காரரே, உம்பொண்ணு என்னை என்னா சொல்லுது?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. மீனைப் பாக்குறேங்குது, இங்கிலீஷ்ல."

"பாத்தா போதுமா? வாங்கச் சொல்லு, தமிழ்ல."

பத்தாவது நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஏழு வரைக்கும் ஓடுகிறாள், எட்டில் நிற்கிறாள், மறுபடி முதலிலிருந்து. வண்டிப் பலகையில் ஓங்கி அடித்துக் கத்தினேன். அவள் நோட்டைத் தூக்கி எறிந்தாள்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க பாப்போம்!"

வாயைத் திறந்தேன். "ஐ" என்றேன். அவ்வளவுதான். பத்து நாளில் நான் கற்றது அந்த ஒரு எழுத்து. இறங்கிப்போய் நோட்டைப் பொறுக்கி, மண்ணைத் தட்டிக் கொடுத்தேன்.

பரீட்சை அன்று சவாரி எடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னலில் காதை வைத்தேன். மகள் எழுந்து நின்றாள். ஐ சீ எ டேபிள். ஐ சீ எ புக். விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். ஏழு ஆயிற்று. நின்றுவிட்டாள்.

காகிதத்தில் இருந்த பதினைந்தில் குதிரையும் ஒன்று என்று எனக்குத் தெரியும். கண்ணில் பட்டால் சொல்லிவிடுவாளே! ஓடிப்போய் வண்டியை அவிழ்த்து, குதிரையைக் கழுத்தோடு இழுத்துவந்து, தலையை ஜன்னலுக்குள் விட்டேன். அது சும்மா வந்திருக்கலாம். உள்ளே போனதும் பல்லைக் காட்டிக் கனைத்தது.

"யாருய்யா அது! குதிரைய ஜன்னல்ல விடறது யாரு?" என்று பெரிய வாத்தியார் எழுந்துவிட்டார். வகுப்பே எழுந்து சிரித்தது. என் மகள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

தேறியவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்கள். நான் சும்மா அதை முறைத்துக்கொண்டு நின்றேன். அவள்தான் மேலிருந்து கீழ்வரை படித்தாள். பேர் இல்லை.

கோவில்பத்து திரும்பும்போது அவள் சொன்னாள்.

"எட்டாவது எனக்குத் தெரியும்பா. ஒன்பது, பத்தும் தெரியும். மூச்சு வாங்கிக்கிட்டு நின்னேன். அதுக்குள்ள குதிரை வந்துருச்சு."

வீட்டில் நான் சோற்றைத் தள்ளி வைத்தேன். சம்சாரம் கோபப்படாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்ப ஜூன் மாசத்துலேருந்து வீட்ல இருக்கட்டும். தம்பிக்கு ஆள் ஆச்சு."

"அவ போவட்டும்."

"ஏங்க, பெயிலாப் போனவள மறுபடி அதே வகுப்புக்கா? ஊரு சிரிக்கும்."

"அவளப் பெயிலாக்குனது நானு. ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கட்டும், எனக்குப் பழக்கம்."

"தம்பிய யாரு தூக்கறது?"

"நாந்தான். வேற யாரு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரெண்டு நாளு தாங்காது" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை ரயிலுக்கு, பையனைத் துண்டால் என் இடுப்போடு கட்டிக்கொண்டு ஸ்டேஷனில் வரிசையில் நின்றேன். கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கி வந்தார். என்னைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்.

"சவாரி உண்டா, இல்ல பால் குடுக்கிற நேரமா?"

"ஏறுங்க ஐயா. தலத்தெரு வரைக்கும் இவன மட்டும் நீங்க வச்சிக்கணும்."

அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவரும் போனார். அந்த மாதம் பாதி நாள் அப்படித்தான். பையன் என் மேலேயே மூத்திரம் பெய்துவிட்டுச் சிரித்தான். மகள் நாலாம் வகுப்பில், போன வருஷத்து அதே பெஞ்சில், தன்னைவிடக் குள்ளமான பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் மூன்றாம் பாடத்துக்கு வந்திருந்தாராம்.