லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள்

நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது, கடப்பாக்கத்தில் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் ஒரு சத்துப் பவுடரை விற்றார். "ரெண்டு வேள இத்த குடி. கொழந்த நல்லா வளரும்" என்றார்.

குடித்த பிறகு பசியே எடுக்கவில்லை. அந்த மாதம் எடையும் ஏறவில்லை. சந்தேகப்பட்டு டப்பாவின் லேபிளை நகத்தால் உரித்தேன். அடியில் இன்னொரு லேபிள்: 'உடல் எடை குறைய'.

உடனே டப்பாவோடு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் ஓடினேன். "இன்னாம்மா இது! புள்ளைய வயித்துல வெச்சிகினு, எளைக்கிற பவுடர குடிச்சிகினு கீறியே!" என்று பதறினார். நல்லவேளையாக ஸ்கேனில் குழந்தைக்குக் குறை எதுவும் இல்லை.

பவுடர் விற்ற அக்காவிடம் போய்க் கேட்டேன். "எனக்கு ஒன்னும் தெரியாதும்மா" என்றார். அதை நான் இன்னும் நம்பவில்லை.

இப்போது ஏழாம் மாதம். சோறு, பருப்பு, கீரை, மீன் என்று பசிக்குச் சாப்பிடுகிறேன். யார் எந்தப் பவுடரைத் தந்தாலும் முதலில் நர்ஸம்மாவிடம் காட்டிவிடுகிறேன்.