ஆம்ப்ளிஃபையர் மேல் ஒரு பின்னல் துணி

புக்கிட் பெலிம்பிங் ஊரில் இடி இடித்தால் முதலில் ஓடுகிறவர் மகாதேவாதான். மழைக்கு ஒதுங்க ஓடுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். கூடத்தில் இருக்கும் ஸ்டீரியோவின் பிளக்கைப் பிடுங்க ஓடுகிறார். சுவிட்சை அணைத்தால் போதாதாம். பிளக்கைப் பிடுங்கி, ஏரியல் வயரையும் கழற்றி, இரண்டையும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்த பிறகுதான் உட்காருவார். கடலோரத்து இடி சொல்லாமல் கொள்ளாமல் வரும். அந்தத் தாமான் குடியிருப்பில் எத்தனை வீட்டு டிவியைத் தின்றிருக்கிறது! மகாதேவாவிடம் மட்டும் அதன் பருப்பு வேகவில்லை.

அவருடைய அப்பா அசாம் ஜாவா பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பிள்ளையும் பேனா பிடிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை; பிள்ளை பிடித்ததோ ஸ்குரூ டிரைவர். அதே தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சார வேலைக்குச் சேர்ந்தார். அப்பா ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாம் வருஷத் தீபாவளிக்குத் தொழிலாளர் லயத்தில் பாட்டுப் போடுகிறேன் பேர்வழி என்று, கூட வேலை செய்த பாலன், எர்த் கம்பி இல்லாத ஒரு பழைய பெட்டியை ஈரக் கையோடு தொட்டுவிட்டான். மகாதேவாதான் ஓடிப்போய் மெயினை இறக்கினார். பாலன் பிழைத்தான். ஆனால் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு மகாதேவாவைப் பிடித்த பயம் பிறகு விடவேயில்லை. ஆலையில் அவருக்கு ‘சேஃப்டி தேவா’ என்றே பெயராகிவிட்டது. கேலிதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

ஸ்டீரியோ, மகள் ரூபினி பிறந்த வருஷம் வாங்கியது. கனமான ஆம்ப்ளிஃபையர், அதன் பக்கத்தில் சிடி போடும் பெட்டி, முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். அடேயப்பா, அதற்கு அவர் போட்ட சட்டதிட்டம் இருக்கிறதே! வால்யூமைச் சைபருக்கு இறக்காமல் யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது. ஸ்பீக்கர் வயரின் இரண்டு முனையும் ஒன்றையொன்று உரசக்கூடாது. எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷன் செருகியிருப்பதை எந்த வீட்டில் பார்த்தாலும் காப்பியைக் குடிக்காமல் நின்று பிரசங்கம் செய்வார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: ஆம்ப்ளிஃபையர் தலையில் எதையும் வைக்கக்கூடாது. அது மூச்சு விடுவதே மேல்பக்கத்து ஓட்டைகள் வழியாகத்தான்.

இந்த ஒரு சட்டம் மட்டும் அவர் வீட்டிலேயே செல்லுபடியாகவில்லை. காரணம், அவர் மனைவி இந்திரகுமாரி.

இந்திரகுமாரிக்குக் கை சும்மா இருக்காது. நூலும் கொக்கி ஊசியுமாக உட்கார்ந்தால் ஏதாவது பின்னிக்கொண்டிருப்பாள். டிவிக்கு ஒரு விரிப்பு, டெலிஃபோனுக்கு ஒன்று, தண்ணீர்க் கூஜாவுக்கு ஓரத்தில் மணி கோத்து ஒன்று, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குக்கூட ஒரு சட்டை. கூடத்தில் ஒரு சாமான் மொட்டையாக இருந்தால் வீட்டுக்காரிக்குத்தான் வெட்கக்கேடு என்று வளர்த்துவிட்ட குடும்பம். அப்படியிருக்க, கூடத்திலேயே பெரிய சாமானை அவள் சும்மா விடுவாளா? வெள்ளை நூலில், நடுவில் பெரிய பூவும் சுற்றிலும் வளையமுமாகப் பின்னி, ஆம்ப்ளிஃபையருக்குப் போர்த்திவிட்டாள்.

“இஞ்ச பாரும், இது சூடேறுற சாமான். ஒருநாள் பத்தப்போகுது.”

“தூசு போய்ப் பழுதானா மட்டும் நல்லதோ? நீங்கள் உங்கட மில்லைப் பாருங்கோ. கூடம் என்ர டிப்பார்ட்மெண்ட்.”

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாட்டுக் கேட்க உட்காரும்போது மகாதேவா அதை எடுத்து, நாலாக மடித்து, நாற்காலியின் கையில் போடுவார். விடிந்து வந்து பார்த்தால் அது திரும்பவும் ஆம்ப்ளிஃபையர் மேல், சுருக்கமில்லாமல், பூ சரியாக நடுவில் வருகிறாற்போல் கிடக்கும். அவள் எப்போது எழுந்து வந்து போடுகிறாள் என்று அவர் ஒருநாளும் கண்டதில்லை. முப்பது வருஷம் இப்படியே போயிற்று. ஆலையில் நானூறு பேரை அதட்டியவருக்கு வீட்டில் ஒரு துணியை ஜெயிக்க முடியவில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூடத்தைத் துடைத்துவிட்டு, பின்னலின் ஓரத்தை இழுத்து நேராக்கிவிட்டு, “தலை சுத்துதப்பா” என்று உட்கார்ந்தவள்தான். மருத்துவமனையில் மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். நான்காம் நாள் மகாதேவா தனியாக வீட்டுக்கு வந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் கலைந்தார்கள். ரூபினி அம்மாவின் சேலைகளையும் மற்றப் பின்னல் விரிப்புகளையும் பெட்டியில் கட்டி எடுத்துப்போனாள். சமையலறையில் யார் யாரோ புழங்கி, சீனி டப்பாவில் உப்பும் உப்பு டப்பாவில் ஒன்றுமில்லாமலும் ஆயிற்று. இந்திரகுமாரியின் கை வைத்தது வைத்தபடி அந்த வீட்டில் மிஞ்சியது ஆம்ப்ளிஃபையர் மேல் கிடந்த அந்தத் துணி ஒன்றுதான்.

அதை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பாட்டில்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஆனானப்பட்ட சேஃப்டி தேவா என்ன செய்தார் தெரியுமா? துணியை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே மெஷினை ஓடவிட்டார்! தப்பு என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஆயிரம் தந்திரம் செய்தார். அரை மணி நேரத்துக்கு மேல் போடமாட்டார். பக்கத்தில் மேசை ஃபேனை வைத்து ஆம்ப்ளிஃபையர் பக்கம் திருப்பிவிடுவார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் போய், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு ஏறக்கூடாதென்று வால்யூமை அவ்வளவு குறைத்து வைப்பார். பாட்டைவிடச் சுவர்க் கடிகாரம்தான் பலமாகக் கேட்கும்.

ரூபினி ஜொகூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். “சாப்பிட்டீங்களாப்பா? மருந்து போட்டாச்சா? ஓகே லா, பிறகு பேசுறன்.” அவ்வளவுதான். குற்றம் சொல்வதற்கில்லை, அவளுக்கும் ஆயிரம் வேலை. ஃபோனை வைத்த பிறகு அடுத்த ஞாயிறு வரை அந்தக் கூடத்தில் மனிதக் குரல் என்றால் ஸ்பீக்கரிலிருந்து வருவது மட்டும்தான்.

போன மாதம் அவர்களுடைய கல்யாண நாள் வந்தது. ரூபினி கூப்பிடவில்லை. அது சனிக்கிழமை அல்லவா! மகாதேவா காலையிலிருந்து ஃபோனை மூன்று தரம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கு ஸ்டீரியோவைப் போட்டார். இந்திரகுமாரிக்குப் பிடித்த பாட்டு வந்தது. வாசலுக்குக் கேட்க வேண்டும் என்பாள் அவள். ஒரு நாளைக்குத்தானே என்று வால்யூமை அவள் வைக்கிற அளவுக்குத் திருப்பினார். கூடம் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஃபேனைப் போட மறந்தார், சிடி தானாகவே திரும்பத் திரும்பப் பாடும்படி வைத்தார். பாட்டைக் கேட்டுக்கொண்டே, எத்தனையோ நாளாகச் சரியாகத் தூங்காத மனிதர், நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

“அண்ணே! தேவாண்ணே! கதவத் தொறங்க!”

பக்கத்து வீட்டுக் கிஃபாயத்துல்லாவின் குரல். பசாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். காயப்போட்ட துணியை எடுக்க வந்த அவர் மனைவி நஜீபாதான் முதலில் வாடை பிடித்துச் சத்தம் போட்டிருக்கிறாள். மகாதேவா கண் விழித்தால் கூடமெல்லாம் மெல்லிய புகை, நூல் பொசுங்கும் நாற்றம். தட்டுத்தடுமாறி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார். கிஃபாயத்துல்லா ஒரு வாளித் தண்ணீரோடு பாய்ந்து உள்ளே வந்தார்.

“ஐயோ, தண்ணி வேணாம்!” அந்த ஒரு நொடியில் அவருக்குள்ளிருந்த பழைய சேஃப்டி தேவா எழுந்துவிட்டார். சுவருக்கு ஓடி சுவிட்சைத் தட்டி, பிளக்கை உருவி எறிந்தார். பாட்டு பாதியில் நின்றது. “கரண்ட் இருக்கேக்க தண்ணி ஊத்துறதோ! ஆள் போயிடும்!”

“சரிண்ணே, சரி. ஊத்தல.” கிஃபாயத்துல்லா வாளியை வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரிடம் போனார். “மொதல்ல இந்தத் துணிய...”

“அதைத் தொடாதேங்கோ!”

மகாதேவா கத்தியதில் கிஃபாயத்துல்லாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“ஏண்ணே, பொகையுதுண்ணே. ஒரு துணிதானே?”

“அவ போட்டது.” மகாதேவா குறுக்கே வந்து நின்றார். “ஆஸ்பத்திரிக்குப் போன அண்டைக்குக் காலமை, அவ கையால போட்டது. எடுத்தா... எடுத்தாப் பிறகு ஒண்டும் இல்லை, தம்பி. இந்த வீட்டில அவ வச்சது வேற ஒண்டும் இல்லை.”

அப்புறம் எழுபது வயது மனிதர், பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதார்.

கிஃபாயத்துல்லா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, “நான் தொடலண்ணே. நீங்களே எடுங்க. நான் இங்கனதான் நிக்கிறேன்” என்றார்.

மகாதேவா சட்டை முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் துணியை மெதுவாகத் தூக்கினார். நடுப்பூ பழுப்பாகிக் கருகியிருந்தது. ஆம்ப்ளிஃபையரின் ஓட்டைகள் வரிவரியாக அதில் பதிந்திருந்தன. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தால் துணி பற்றி, திரைச்சீலை பற்றி, வீடே போயிருக்கும். அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. நாலாக மடித்தார். எப்போதும்போல் நாற்காலியின் கையில் போட்டார்.

“ராத்திரிக்கு நம்ம வீட்டுல சாப்பிடலாம், வாங்கண்ணே” என்றார் கிஃபாயத்துல்லா. பசியில்லை என்றார் இவர். நஜீபா ஒரு தட்டில் மூடி அனுப்பினாள். மூடியைத் திறக்காமலே படுத்தார்.

விடிந்தது. வழக்கம்போல் எழுந்து, வழக்கம்போல் அறைவாசலில் நின்று, முப்பது வருஷப் பழக்கத்தில் முதலில் ஆம்ப்ளிஃபையரைத்தான் பார்த்தார்.

மொட்டையாக இருந்தது. துணி, ராத்திரி அவர் மடித்துப் போட்ட இடத்திலேயே, மடித்த மடிப்புக் கலையாமல் நாற்காலியின் கையில் கிடந்தது.

மகாதேவா யாருமில்லாத கூடத்தைப் பார்த்துக் கெஞ்சுவதுபோல் சொன்னார்.

“போடும், இந்திரா. இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”